லிட்டில் இந்தியா கடைவீட்டு முகப்பு: பலகைக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடலாமா?

பசார்மூலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பசாருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சேலைக்கடை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்தே வாடகைக் கட்டடம்தான். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய இரண்டு மாடிக் கடைவீடு. மேலே மூன்று மர ஜன்னல்கள், கீழே முழு அகலத்துக்கும் எண் போட்ட பலகைக் கதவு. காலையில் ஒவ்வொரு பலகையாக உருவி ஓரத்தில் அடுக்க வேண்டும், இரவில் திரும்ப வரிசையாகச் சொருக வேண்டும்.

கட்டடக்காரர், அதாவது சொந்தக்காரர், இந்த வருடம் முகப்பைப் புதுப்பிக்கலாம் என்கிறார். பாதிச் செலவு அவர், பாதி நாங்கள். அவர் அழைத்து வந்த குத்தகையாளர் (கட்டட வேலை எடுத்துச் செய்பவர்) சொல்லும் திட்டம் இது: பலகைகளையும் மரச்சட்டத்தையும் எடுத்துவிட்டு இரும்பு உருட்டுக் கதவு, அதற்குப் பின்னால் கண்ணாடி, உள்ளே குளிர்சாதனம். முன்சுவரில் உப்புப் பூத்து உதிர்கிற பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே வெளிப்புறச் சாயம். மாடி ஜன்னல் பாதி மறைகிற அளவுக்கு, விளக்கு வைத்த பெயர்ப்பலகை. "எல்லாரும் செய்றதுதான், ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

சட்டப்படி இது முடியுமா? முடிந்தாலும் செய்யலாமா? அப்பாவுக்குப் பலகை போவதில் மனமில்லை. தினமும் அதைத் தூக்குவது நான், எனக்கு இடுப்பு வலி.

பட்டர்வொர்த்_பையன்

கண்ணாடி போடுங்கள் அண்ணே. சேலை வாங்க வருகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த வெயிலில் மின்விசிறியை நம்பி யார் உட்காருவார்கள்? பாரம்பரியம் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் யாரும் உங்கள் கடையில் சேலை வாங்கப் போவதில்லை. படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சாந்துக்கரண்டி

பழைய கட்டடப் புதுப்பிப்புதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலையில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ் டவுனின் மைய வட்டாரம் சுமார் 109 ஹெக்டர், அதைச் சுற்றிய இடைவட்டாரம் சுமார் 150 ஹெக்டர். லிட்டில் இந்தியா மைய வட்டாரத்துக்குள் வருகிறது. பட்டியலில் ஏற்றியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றே இந்தக் கடைவீடுகள்தான். 2016ல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இந்த எல்லைக்குள் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று விவரமாகச் சொல்கிறது. உங்களுடையது போன்ற பெரும்பாலான கடைவீடுகள் இரண்டாம் வகையில் வரும். பின்பக்கத்தில் ஓரளவு கை வைக்கலாம். தெருவைப் பார்க்கும் முகம், கூரை, அஞ்சடி (கடைக்கு முன்னால், மாடிக்கு அடியில் மக்கள் நடக்கும் நடைபாதை) இவற்றை மாற்ற முடியாது. எந்த வேலையானாலும் மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் அனுமதி வாங்கித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆக, "ஒண்ணும் ஆகாது" என்கிறவர் உங்கள் பெயரில் சூதாடுகிறார். நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்கு வராது.

இரண்டாவது சுவர். எனக்கு உண்மையான கவலை இதில்தான். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது, அந்தக் காலத்தில் போட மாட்டார்கள். நிலத்து ஈரம் சுவர் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகும். ஈரம் கொண்டுவந்த உப்பு பூச்சிலேயே தங்கி, பூச்சு உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூசுவார்கள். செங்கல்லைக் காப்பாற்றத் தன்னைக் கொடுப்பதுதான் சுண்ணாம்புப் பூச்சின் வேலையே. அதன் மேல் சிமெண்ட் பூசி அக்ரிலிக் சாயத்தால் மூடிவிட்டால் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. மேலே மேலே ஏறும், இல்லையென்றால் உட்பக்கம் திரும்பும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல் பொடிப்பொடியாகும். இரண்டு மூன்று வருடம் பளபளவென்று இருக்கும். அப்புறம் சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

அதனால் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான், மேலே சுண்ணாம்பு அடிப்பதுதான். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், சலிப்புப் பார்த்தால் சிலிக்கேட் சாயம் இருக்கிறது, அதிலும் ஈரம் வெளியேறும். விலைதான் கொஞ்சம் கூட.

பலகைக்கு வருகிறேன், இப்போது கடைக்குப் போக வேண்டும்.

சிராங்கூன்வாசி

சாந்துக்கரண்டி ஐயா வருவதற்குள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சிங்கப்பூர்.

இங்கே 1989 ஜூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கட்டடங்கள் பிழைத்தன, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சாயம் அடிக்கிறவர்கள் கைக்கு வந்ததும் "இந்தியா என்றால் வண்ணம்" என்று முடிவு செய்துவிட்டார்கள். கெர்பாவ் ரோட்டில் 1900ல் கட்டிய டான் தெங் நியா வீட்டைப் பாருங்கள். ஒரு சீன வணிகரின் வீடு. இன்றைக்கு வானவில்லில் இருக்கிற எல்லா நிறமும் அதன் மேல் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதுதான் பழைய லிட்டில் இந்தியா என்று நம்பிப் படம் எடுக்கிறார்கள். சுண்ணாம்போடு கலந்து அடித்த காலத்தில் கிடைத்த நிறங்களே கொஞ்சம்தான்: வெள்ளை, காவி, மஞ்சள் மண், அவுரி நீலம். உங்கள் ஊரிலேயே லெய்த் தெருவில் சியோங் ஃபாட் ஸீ மாளிகை அந்த நீலத்தில்தானே நிற்கிறது.

சாயம் அடிப்பதற்கு முன் ஒரு மூலையில் கத்தியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பழைய நிறம் தெரியும். குத்தகையாளரின் நிற அட்டையைவிட அது நல்ல அட்டை.

பட்டர்வொர்த்_பையன்

சரி, சுவர் விஷயத்தில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பலகை? 2020களில் ஒரு மனுஷன் தினமும் பலகை தூக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா? பட்டியலில் ஏற்றியவர்கள் யாராவது வந்து தூக்குவார்களா?

சாந்துக்கரண்டி

தம்பி கேட்பது நியாயமான கேள்விதான்.

கடைவீட்டின் கீழ்த்தளம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கட்டடம் குறுகலாக, ஆழமாக இருக்கும். அகலத்தைத் தீர்மானித்தது ஒரு பொதுச்சுவரிலிருந்து (பக்கத்துக் கடையோடு பங்கிடும் சுவர்) அடுத்த பொதுச்சுவருக்குப் போகும் மர உத்தரத்தின் நீளம். வெளிச்சமும் காற்றும் வர இரண்டே வழி, நடுவில் திறந்த முற்றம், முன்னால் முழுதும் திறக்கிற வாசல். பலகைகளை எடுத்துவிட்டால் கடைக்கும் அஞ்சடிக்கும் நடுவில் தடுப்பே இல்லை. முன்னால் நுழையும் காற்று முற்றத்து வழியாக மேலே போகும். மாடிக்குக் கீழே, பலகைக்கு மேலே, காற்றுத் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். பூ வடிவத்திலோ வௌவால் வடிவத்திலோ இருக்கும். இரவில் பலகை போட்ட பிறகும் அது மூச்சு விடும். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்து உள்ளிருந்து அடைத்துவிட்டு, சுவர் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்பார்கள்.

கண்ணாடியைத் தெருவோரத்தில் போட்டால் இந்த ஏற்பாடு முழுதும் நின்றுபோகும். அதோடு அஞ்சடிக்குக் கடை முதுகைக் காட்டிவிடும். சேலைக்கடைக்கு அது நல்லதில்லை. நடந்து போகிறவர் துணியைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் லிட்டில் இந்தியாவில் பாதி வியாபாரம்.

ஆனால் குளிர்சாதனம் வேண்டும் என்பதும் உண்மை. நான் செய்து பார்த்த வழி: முன் பகுதி அப்படியே திறந்த கடை. ஏழெட்டு அடி உள்ளே தள்ளி, சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற மரச்சட்டக் கண்ணாடித் தடுப்பு. பட்டுச்சேலை, கல்யாண வாடிக்கையாளர் எல்லாம் உள்ளே, காட்டன், துண்டு, ரவிக்கைத்துணி வெளியே. நாளைக்கு வேண்டாம் என்றால் தடுப்பைக் கழற்றிவிடலாம், கட்டடத்தில் காயம் இருக்காது. குளிர்சாதனத்தின் வெளி யூனிட் பின்பக்கம் போகட்டும். முகப்பில் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டி, அதே சுவரை நனைக்கும்.

பாதுகாப்புக்கு உருட்டுக் கதவுதான் வேண்டுமென்றால் பலகைக்கு உள்பக்கம், உத்தரத்துக்குப் பின்னால் மறையும்படி போடலாம், அனுமதி கேட்டுவிட்டு. அப்புறம் பலகைகளைத் தினமும் கழற்ற வேண்டியதில்லை. பகலில் இரண்டு ஓரங்களில் நாலைந்து நிற்கட்டும், நடுவில் மட்டும் எடுங்கள். இடுப்பும் தப்பிக்கும். அவை செங்கால் என்ற உள்ளூர்க் கடின மரமாக இருந்தால் குத்தகையாளர் "பழசு, தூக்கிப் போடுறேன்" என்று எடுத்துப்போக விடாதீர்கள். அவருக்கு அதன் விலை தெரியும்.

நாலுதெரு

எல்லோரும் பலகையையும் சுண்ணாம்பையும் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நான் லெபோ குயின் பக்கம் பிறந்தவள். 1833ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் 1801ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நடந்து போகிற தூரம். அந்தத் தெருக்களின் பழைய முகம் எப்படிப் பிழைத்தது? பாரம்பரியத்தின் மேல் யாருக்கும் பாசம் பொங்கி வழியவில்லை. 1966ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1948 ஜனவரிக்குள் கட்டியிருந்த கட்டடங்களில் இஷ்டத்துக்கு வாடகை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. வாடகை சொற்பம் என்பதால் சொந்தக்காரர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். இடிக்கவும் வழியில்லை. கட்டடம் பழையபடி நின்றது, ஆனால் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். தையல்காரர், மாலை கட்டுகிறவர், வட்டிக்கடைச் செட்டியார், மாவு அரைக்கிறவர்.

1997ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். அடுத்த நாளே வாடகை சந்தை விலைக்குத் தாவியது. எங்கள் வரிசையில் ஒவ்வொரு குடும்பமாக ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் என்று போய்ச் சேர்ந்தார்கள். காலியான வீடுகளில் பலதில் உழவாரன் குருவி வந்தது, அதன் கூட்டை எடுத்துச் சாப்பாட்டுக்கு விற்பார்கள். தானாக வரவில்லை, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஓட்டை விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு வரவழைத்தார்கள். உள்ளே வேண்டுமென்றே ஈரம் தெளித்து வைப்பார்கள். அந்த ஈரமும் எச்சமும் எத்தனை தரைப்பலகையைத் தின்றிருக்கும்! கடைசியில் 2013 முடிவுக்குள் பாரம்பரிய வட்டாரத்தை விட்டுக் கிளம்பச் சொன்னது அரசு.

2008க்குப் பிறகு காபிக்கடை, சிறு ஹோட்டல். 2012ல் ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓவியம் வந்ததும் அந்தப் பக்கம் நடக்கவே இடமில்லை. முகப்பு எல்லாம் அழகு. பெரிய காசுக்கு வெளியூர், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வரிசையாக வாங்கினார்கள்.

பசார்மூலை தம்பி, இப்போது உங்கள் கட்டடக்காரர் முகப்பைப் புதுப்பிக்கிறார், அதுவும் உங்கள் பாதிக் காசில். அழகாக்கிய கட்டடத்துக்கு அடுத்த வருடம் என்ன வாடகை கேட்பார்? அதை விற்கவே தயாராகிறாரா? முகப்பில் கை வைக்கும் முன் ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்.

பசார்மூலை

அக்கா, நிஜமாகவே யோசிக்காத விஷயம். எங்கள் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான். தாத்தா காலத்தில் எழுத்தே இல்லை என்பார் அப்பா.

நாலுதெரு

அதுதான் எல்லாருக்கும். மூன்று வருடம் வரை என்றால் சாதாரண வாடகை ஒப்பந்தம். அதற்கு மேல் என்றால் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருட ஒப்பந்தமாக இருந்தாலும் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) குறிப்பு ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் கட்டடம் கைமாறும்போது புதுச் சொந்தக்காரர் உங்களை யாரென்று கேட்பார். வழக்கறிஞரைப் பாருங்கள், அந்தச் செலவு உங்கள் பாதிச் செலவில் தூசு.

இண்டியானா_தமிழன்

இந்த இழையைப் படித்ததும் என் பக்கத்துக் கதை நினைவுக்கு வந்தது.

அமெரிக்கச் சிற்றூர்களில் கடைத்தெரு என்றால் செங்கல் கட்டடம், கீழே பெரிய கண்ணாடி, உள்வாங்கிய வாசல், உச்சியில் வார்ப்பிரும்பிலோ தகட்டிலோ செய்த கிரீடம் மாதிரி ஒரு விளிம்பு. 1950, 60களில் ஊருக்கு வெளியே மால்கள் வந்ததும் கடைக்காரர்கள் பயந்துபோய், பழைய முகத்தை அலுமினியத் தகட்டால் முழுசாக மூடினார்கள். நவீனமாகத் தெரியவேண்டுமாம். கூட்டம் திரும்பி வரவில்லை.

1977ல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, பழைய கடைத்தெருக்களுக்கு மறுபடி உயிர் கொடுக்க, மூன்று ஊர்களை எடுத்துச் சோதனை செய்தது: இல்லினாயில் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ், எங்கள் இண்டியானாவில் மாடிசன். தகட்டைக் கழற்றினால் உள்ளே பழைய முகப்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும், போல்ட் போட்ட ஓட்டைகளோடு. ஆனால் அந்தத் திட்டம் வெற்றி பெற்றதற்குத் தகடு கழற்றியது மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் முழுநேர மேலாளர் ஒருவரை வைத்தார்கள். கடைகளை ஒன்றாகச் சேர்ப்பது, விழா நடத்துவது, காலி இடத்துக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. வடிவமைப்பு என்பது நான்கு தூண்களில் ஒன்றுதான். வரலாற்றுக் கட்டடமாகச் சான்று பெற்ற, வருமானம் தரும் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவிகிதத்தைக் கூட்டரசு வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் உண்டு.

ஒரு வித்தியாசம் கவனித்தேன். இங்கே கடைத்தெருவுக்கு ஆள் வரவில்லை என்பது பிரச்சினை. உங்கள் ஊரில் ஆள் கூடிப்போனது பிரச்சினை. பழைய முகத்தை மூடிவிடுகிற ஆசை மட்டும் ரெண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

சிராங்கூன்வாசி

நாலுதெரு அக்கா சொன்னதை நான் ஆமோதிக்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. வாடகைக் கட்டுப்பாடு எங்களிடமும் இருந்தது, 2001ல் எடுத்தார்கள். அது இருந்த காலத்தில் உள்ளே இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுகுகிற கூரை, ஒரே அறையில் குடும்பம், மாடிப்படி இடிந்து விழுகிற நிலை. அந்தக் காலத்தை வெறும் ஏக்கத்தோடு பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

நாலுதெரு

அந்த ஒழுகுகிற கூரைக்கு அடியில்தான் நான் படித்தேன் தம்பி, எனக்குத் தெரியும். ஏக்கம் இல்லை. கூரையைச் சரிசெய்யவும் வேண்டும், ஆளும் இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்கிற திட்டம் வரவில்லை என்பதுதான் என் வழக்கு.

பட்டர்வொர்த்_பையன்

பெயர்ப்பலகை பற்றி யாரும் சொல்லவில்லையே. அது எனக்கு ஆர்வமான விஷயம், நான் போடுகிற தொழிலில் இருக்கிறேன்.

சாந்துக்கரண்டி

ஓ, அதனால்தான் கண்ணாடி மேல் அவ்வளவு பிரியமா! சரி.

மாடி ஜன்னலையோ சாந்து வேலையையோ மறைக்கிற பலகைக்கு அனுமதி கிடைப்பது கடினம், கிடைக்கவும் கூடாது. பழைய கட்டடத்தில் பெயர் எழுதுவதற்கென்றே இடம் விட்டிருப்பார்கள். அஞ்சடித் தூண்களின் முகம், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் ஓடும் பட்டை, அஞ்சடிக்குள் வாசலுக்கு மேலே குறுக்காக. அந்த இடங்களில் கையால் எழுதிய தமிழ் எழுத்து, மேலே சின்ன விளக்கு, இவ்வளவு போதும். உள்ளிருந்து ஒளிரும் பெட்டி தெருவையே மருந்துக்கடை ஆக்கிவிடுகிறது. தம்பி, தூரிகை பிடித்துத் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் இப்போது பினாங்கில் கிடைப்பது கஷ்டம். உங்கள் தொழிலில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

பசார்மூலை, தூண்களைப் பற்றியும் ஒன்று. 1930கள் வாக்கில் வந்த கட்டடங்களில் தூண் சாம்பல் நிறத்தில், பொடிக்கல் தெரிகிற மாதிரி இருந்தால் அது ஷங்ஹாய் சாந்து. சிமெண்டில் பொடிக்கல் கலந்து பூசி, இறுகும் முன் தண்ணீரால் கழுவிக் கல்லை வெளியே கொண்டுவருவார்கள். அதற்குச் சாயமே தேவையில்லை. யாராவது ஏற்கெனவே அடித்திருந்தால் இரசாயனம் வைத்து மெதுவாக எடுக்கலாம். மணல் வீசிச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்பவரை உள்ளே விடாதீர்கள், கல்லெல்லாம் உதிர்ந்துவிடும்.

அஞ்சடியைத் திறந்து வையுங்கள், தயவுசெய்து. பொம்மைக்கு உடுத்திய சேலைகளை அங்கே நிறுத்தி நடக்கிறவரை ரோட்டில் இறக்கிவிடுவது நம் தெருவின் பழைய வியாதி. 1888ல் சிங்கப்பூரில் அஞ்சடியைக் காலி செய்யச் சொன்னதற்குக் கலவரமே நடந்தது. நம் ஆட்கள் கலவரம் செய்ய மாட்டார்கள், அதிகாரி போனதும் திரும்ப எடுத்து வைத்துவிடுவார்கள்.

பசார்மூலை

நேற்று அப்பாவும் நானும் கட்டடக்காரரைப் பார்த்தோம். நிலவரம் இது.

சிமெண்ட் வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டார், நோட்டீஸ் தன் பெயருக்கும் வரும் என்றதும். உருட்டுக் கதவு பலகைக்கு உள்ளே, அனுமதி கிடைத்தால். கண்ணாடித் தடுப்பு உள்ளே தள்ளி, அது எங்கள் செலவு, போகும்போது எங்களுடையது. பெயர்ப்பலகை பட்டையில் மட்டும்.

ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. மூன்று வருடம், இன்னொரு மூன்று வருடம் நீட்டிக்கும் உரிமை, வாடகை ஏற்றத்துக்கு உச்சவரம்பு என்று கேட்டோம். முதல் மூன்றுக்குச் சம்மதம். நீட்டிப்பு உரிமையை எழுதித் தர யோசிக்கிறார். "உங்கள நான் எங்க போகச் சொல்லப் போறேன்" என்கிறார். அது எழுத்தில் வரும் வரை பாதிச் செலவைக் கொடுப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். முப்பது வருடமாக அவரிடம் குரல் உயர்த்தாத மனுஷர்.

இன்னொரு விஷயம், வாசலுக்கு மேலே அட்டை வைத்து அடைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். இரண்டு காற்றுத் துளைகள் இருக்கின்றன, வௌவால் வடிவம்தான்.

நாலுதெரு

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீட்டிப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாந்துக்கரண்டி

துளையைச் சுற்றி உளி வைக்க விடாதீர்கள். உடைந்த இடம் இருந்தால் அளவெடுத்து அச்சு செய்துகொள்ளலாம். பலகை கழற்றும் முன் ஒவ்வொன்றையும் எண் தெரிய படம் எடுத்து வையுங்கள், முன்னும் பின்னும். முன்சுவரில் ஒரு மூலையில் கையகலத்துக்கு மட்டும் முதலில் சுண்ணாம்புச் சாந்து பூசி ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்றால் நான் வந்து செய்து தருகிறேன்.

பட்டர்வொர்த்_பையன்

அந்த நாளில் நானும் வரலாமா? பட்டையை அளக்க வேண்டும்.

பசார்மூலை

வாங்க தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கூட்டம்.